கதவோரச் சுவிட்ச்

டாலிகஞ்ச்
6 ஏப்ரல் 2025

மதுவந்திக்கு,

"சௌபாக்கியவதி" என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். நீயும் அபினவும் குஜராத்தில் இருந்த வருஷங்களில் உனக்கு எழுதிய கடிதமெல்லாம் அந்த வார்த்தையில்தான் தொடங்கும். கல்யாணமான பெண்ணுக்கு எழுதும் வார்த்தை. இனி உனக்கு எழுத முடியாது. எனக்கு யாரும் எழுதி எட்டு வருஷமாகிறது.

நீ போன் செய்தால் நான் எடுப்பதில்லை என்று பம்பாயில் என் தங்கையிடம் சொல்லியிருக்கிறாய். உண்மைதான். போனில் நீ அழுகிறாய், நான் வைத்துவிடுகிறேன். எழுத்தில் இருவரும் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்வோம்.

அபினவின் பதின்மூன்றாம் நாள், துக்கம் கழிக்கும் சுபம் முடிந்து, உறவுக்காரர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது நீ கூடத்தின் நடுவில் வந்து நின்று சொன்னாய்: "இஸ்மாயில் ஃபேனை நிறுத்தலை. அபினவ்தான் நிறுத்தியிருக்கார்." அன்று சாயங்காலமே பெட்டியை எடுத்துக்கொண்டு நியூ டவுன் போய்விட்டாய். நான் வீட்டைவிட்டுத் துரத்தியதாக இப்போது பேச்சு. நான் சொன்னது, "இந்த வீட்டில் இருந்துகொண்டு அதைச் சொல்லாதே" என்பது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

ஊருக்கே தெரிந்ததை உனக்கு ஒருமுறை எழுதுகிறேன். ராஜர்ஹாட்டுக்கு அப்பால் நீயும் அவனும் வேலைக்குச் சேர்ந்த கம்பெனி, பகலில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பேட்டரிகளை இரும்பு அறைகளில் அடுக்கி வைத்திருக்கிறது. பேட்டரி சூடேறினால் எரிகிற வாயு கசியும். அதை வெளியேற்ற அறைக்கு ஒரு ஃபேன் இரவும் பகலும் ஓட வேண்டும். பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் யாரோ அந்த ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார்கள். இரவெல்லாம் வாயு நிறைந்தது. காலையில் டெக்னீஷியன் முகமது இஸ்மாயில் கதவைத் திறந்தான், அறை வெடித்தது. அவன் அங்கேயே போய்விட்டான். பின்னால் நின்ற என் பிள்ளை ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து போனான். நிறுத்தியது இஸ்மாயில் என்று கம்பெனி சொல்கிறது. செத்துப்போனவனிடம் கம்பெனிக்கு என்ன விரோதம் இருக்க முடியும்?

அபினவ் அந்தக் கம்பெனியின் இஞ்சினியர். அந்த ஃபேன் எதற்கு என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவன். அவனா நிறுத்துவான்?

கம்பெனியில் ஆட்கள் விவகாரம் பார்க்கும் சீதாராமன் பேசினார். விசாரணை அதிகாரியிடம் நீ இன்னும் எதுவும் சொல்லவில்லையாம். சொல்லாதே. எனக்கு மிச்சம் இருப்பது அவன் பெயர் ஒன்று. அதையும் எடுத்துக்கொண்டு போகாதே.

அனந்தலக்ஷ்மி


நியூ டவுன்
14 ஏப்ரல் 2025

அம்மாவுக்கு நமஸ்காரம்.

இன்று நமக்கு வருஷப் பிறப்பு, நாளைக்குப் பெங்காலிகளுக்கு. லிஃப்ட் வாசலில் ஆல்பனாக் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எதிர் ஃபிளாட் பெண்மணி என்னைப் பார்த்ததும் மாவுக் கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். பாவம், அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

வெடிப்புக்கு முந்தின சாயங்காலம் இஸ்மாயில் முதலில் வெளியே வந்துவிட்டான். கேட்டுக்கு வெளியே நின்று ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தபோதுதான் அறையில் விளக்கு அணைந்தது. அப்புறம் அபினவ் இறங்கி வந்தார். கேட் காவலாளி என்னிடம் சொன்னது இது. ஒரு வாரத்தில் அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது கேட்டால் ஞாபகமில்லை என்கிறார்.

விளக்கு சுவிட்சும் ஃபேன் சுவிட்சும் ஒரே போர்டில், கதவோரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வாயு சேர்ந்தால் கத்த வேண்டிய கருவியை ஃபேன் காற்று போகிற குழாய்க்குள் வைத்திருக்கிறார்கள். ஃபேன் நின்றால் அதற்கும் மூக்கு அடைத்துவிடும். சாதாரண வீட்டு போர்டு அம்மா. உங்கள் கூடத்தில் இருக்கிற மாதிரியே.

ஃபேன் எதற்கு என்று அவருக்குத் தெரியாதா என்கிறீர்கள். அவருக்குத் தெரியும். அவர் கைக்குத் தெரியாது. எங்கள் கல்யாணத்தில் குடையும் தடியுமாகக் காசி யாத்திரைக்குக் கிளம்பியவர், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி ஓடினார், நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததாம். "சன்யாசம் போறவருக்குக் கரண்ட் கவலை என்னத்துக்கு ஓய்!" என்று வாத்தியார் கேட்டதும் மண்டபமே சிரித்தது. நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் முகத்தில் அவ்வளவு பெருமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில், நீங்கள் டாக்டரோடு வெளியே நின்றபோது, அவருக்கு ஒரு தடவை நன்றாக நினைவு வந்தது. "மது, ஃபேன் ஓடிண்டிருந்துதா?" என்று கேட்டார். "ஓடிண்டிருந்தது" என்றேன். "அப்ப சரி" என்றார். அவருக்கே தெரியவில்லை அம்மா.

இஸ்மாயில்தான் நிறுத்தினான் என்றால், அது படிப்பில்லாத கான்ட்ராக்ட் ஆள் செய்த தப்பு என்று விஷயத்தை மூடிவிடுவார்கள். அபினவே நிறுத்தினார் என்றால், கைக்கு எட்டுகிற இடத்தில் அந்த சுவிட்சை வைத்ததுதான் தப்பு என்றாகும். அதே போர்டு இன்னும் பல இடங்களில் இருக்கிறது. பெஹாலாவில் ஒன்று வீடுகளுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே சாயங்காலம் கடைசியாகக் கிளம்புகிறவர் யாரோ, அவர் வீட்டில் அவருக்கு என்ன பழக்கமோ.

நான் அதிகாரியிடம் போகத்தான் போகிறேன். ஆனால் புருஷனுக்கும் எனக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று இப்போதே ஆபீஸில் பேசுகிறார்கள். பெற்ற தாய் சொன்னால் யாரும் அப்படிப் பேச முடியாது. அவருடைய பழக்கம் உங்களுக்குத் தெரியும். அதை மட்டும் அதிகாரியிடம் சொல்லுங்கள்.

மதுவந்தி


டாலிகஞ்ச்
22 ஏப்ரல் 2025

மதுவந்திக்கு,

உன் கடிதத்தில் இருந்த எழுத்துப் பிழைகளைத் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். துர்காபூரில் வளர்ந்த பெண் தமிழில் எழுதுவதே பெரிது என்று உன் மாமனார் இருந்தபோது சொல்வார். நான் அப்படிச் சலுகை கொடுப்பவள் இல்லை.

அவன் ஆஸ்பத்திரியில் கேட்டதை இரண்டு மாதமாக என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் உள்ளே வந்தபோது அவன் கண்ணைத் திறக்கவில்லை. அவன் கடைசியாகப் பேசியதை நீ ஒருத்தியே வைத்துக்கொண்டிருந்தாய். இப்போது உனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்றதும் எடுத்து நீட்டுகிறாய்.

பழக்கம் என்கிறாய். அதைப் பழக்கியது யார்? எங்கள் கான்வென்டில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால், கடைசியாக வெளியே வந்தவள் பிரார்த்தனை முடியும் வரை எல்லோர் முன்னாலும் நிற்க வேண்டும். நான் ஒரே ஒரு தடவை நின்றேன். பிறகு நிற்கவில்லை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது இந்த ஊரில் பாதி நாள் மின்சாரம் இருக்காது. வந்த நேரத்தில் வீணாக்குவதைப் போலப் பாவம் எனக்கு வேறு தெரியாது. அபினவை ஒருநாள் ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறக்கி, மாடி ஏற வைத்து, அவன் அறை ஃபேனை நிறுத்தவைத்தேன். பஸ் முழுக்கக் குழந்தைகள் பார்த்துக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு அவனுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரியவனாகி, குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற ஃபேன்களை வாங்கி இந்த வீடு முழுக்க மாட்டினான். "இப்ப நீ மறந்தாலும் நஷ்டமில்லைம்மா" என்றான். "மறந்தால் மறந்ததுதான்" என்றேன்.

நீ கேட்பது என்ன என்று உனக்குப் புரிகிறதா? என் பிள்ளையையும் இன்னொருத்தியின் பிள்ளையையும் கொன்றது என் வளர்ப்பு என்று ஓர் அதிகாரி முன்னால் நான் சொல்ல வேண்டும்.

மாட்டேன்.

அனந்தலக்ஷ்மி


நியூ டவுன்
5 மே 2025

அம்மாவுக்கு நமஸ்காரம்.

கொன்றது நீங்கள் என்று நான் எழுதவில்லை. திருத்தி அனுப்பிய கடிதத்தை நீங்களே இன்னொரு தடவை படித்துப் பார்த்திருக்கலாம்.

அதிகாரியைப் பார்த்துவிட்டு வந்தேன். மரியாதையாகக் கேட்டார். "மேடம், நீங்கள் அந்த நேரத்தில் அங்கே இருந்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். "காவலாளி இதை எழுதிக் கொடுப்பாரா?" என்றார். மாட்டார் என்றேன். அதற்கு மேல் என்னிடம் எதுவும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மகேஷ்தலா போனேன். பெஹாலாவைத் தாண்டி, தெரு முழுக்கத் தையல் மிஷின் சத்தம். இஸ்மாயிலின் அம்மாவும் வீட்டில் குழந்தைகள் சட்டை தைக்கிறார். என்னைப் பார்த்ததும் அழுதார், பிறகு திட்டினார், பிறகு டீ கொடுத்தார். வெடித்த செய்தி பெங்காலி பேப்பரில் "டெக்னீஷியனின் அலட்சியம்" என்று வந்ததோடு பெண்ணுக்குப் பார்த்திருந்த வரன் நின்றுபோனது. சாஹேபை எரித்தவன் தங்கை என்கிறார்களாம். இஸ்மாயிலோடு வேலை செய்த பையன்கள்கூட அடக்கத்துக்கு வந்ததோடு சரி.

"மா, எனக்குச் சோறு இருக்கு. மிஷின் இருக்கு. என் பிள்ளை மேல ஒட்டினதை யாராவது எடுத்துவிடுங்க" என்றார். அவன் நிறுத்தவில்லை என்று சொன்னேன். "நீ நல்ல பொண்ணு, அதனால சொல்றே" என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். நம்பவில்லை. தன் பிள்ளைதான் செய்தான் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார் அம்மா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதுவந்தி


டாலிகஞ்ச்
8 ஜூன் 2025

மதுவந்திக்கு,

சீதாராமன் வந்திருந்தார். இந்த வெயிலில் கோட்டு. கையில் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு. நம் ஊர்க்காரர் என்று காட்டிக்கொள்ள வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, காலைக் கழுவத் தண்ணீர் கேட்டார். பையிலிருந்து ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"மாமி, இதெல்லாம் சட்ட பாஷை. நீங்க சிரமப்பட்டுப் படிக்க வேண்டாம். கீழே கையெழுத்து மட்டும்."

"படிக்காம கையெழுத்துப் போட நான் என்ன மந்திரியா?" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

இஸ்மாயில் கவனக்குறைவானவன் என்று அபினவ் என்னிடம் பலமுறை சொல்லி வருத்தப்பட்டானாம். அப்படி நான் சொல்கிறேனாம்.

"சீதாராமன், அபினவ் இதை எப்போ என்கிட்ட சொன்னான்?"

"பொதுவா, மாமி. வீட்ல பேசுவார் இல்லையா, ஆபீஸ் விஷயமெல்லாம்."

"நீங்க கூட இருந்து கேட்டேளா?"

"இல்லை, அது வந்து…"

"அப்போ எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

இஸ்மாயிலைப் பற்றி அபினவ் என்னிடம் சொன்னது ஒன்றுதான். ஈத் அன்று இவனுக்கென்று தனிப் பாத்திரத்தில் சேமியாப் பாயசம் எடுத்து வந்தானாம். இவன் சாப்பிட்டுவிட்டு வந்து என்னிடம் சொல்லவும் செய்தான், நான் கோபிப்பேனோ என்று பார்த்துக்கொண்டே. கோபிக்கவில்லை.

எனக்குத் தெரியாததைத் தெரியும் என்று எழுதித்தர முடியாது என்றேன். ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் ஒருமைக்குப் பன்மை போட்டிருந்தது. அதையும் காட்டினேன். மனுஷர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். இதை உன் பக்கம் சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் காகிதம் பொய், அதனால் கையெழுத்துப் போடவில்லை. நீ சொல்வது நிஜம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது இன்னொன்று சொன்னார். புதிதாகச் சேருபவர்களுக்குப் பாடம் நடத்த ஒரு கூடம் கட்டியிருக்கிறார்களாம். அதற்கு "அபினவ் மஹாதேவன் பயிற்சிக் கூடம்" என்று பெயர் வைக்கப்போகிறார்கள். ஜூலை பத்தொன்பதாம் தேதி நான் வந்து திறந்துவைக்க வேண்டும்.

சரி என்று சொல்லிவிட்டேன். நீ என்ன எழுதுவாய் என்று தெரியும். அவனுக்குக் குழந்தை இல்லை. ஒரு சுவரிலாவது பெயர் இருக்கட்டும்.

அனந்தலக்ஷ்மி


நியூ டவுன்
17 ஜூன் 2025

அம்மா,

போகாதீர்கள்.

கம்பெனியில் இப்போது என்னை ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். போல்ட் நட்டுக்குப் பொறுப்பு. புதுக் கூடத்துக்குப் போன சாமான்களெல்லாம் என் கண் முன்னால்தான் போயின. அங்கே மாதிரிக்கு ஒரு பேட்டரி அறை வைக்கிறார்கள். உள்ளே இருப்பது நிஜ பேட்டரி. கதவோரத்தில் அதே போர்டு, அதே இடத்தில் அதே சுவிட்ச். இதை மாற்றக்கூடாதா என்று கேட்டேன். மாற்றினால் பழையது தப்பு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று சட்டம் பார்க்கிறவர்கள் சொல்லிவிட்டார்களாம்.

இஸ்மாயில் பெயரில் பழி, அபினவ் பெயரில் கூடம். நீங்கள் அந்த ரிப்பனை வெட்டினால் இரண்டையும் சேர்த்துத் திறந்துவைப்பதாக அர்த்தம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள், முதல் வரிசையில். வரமாட்டேன்.

மதுவந்தி


டாலிகஞ்ச்
20 ஜூலை 2025

மதுவந்திக்கு,

நேற்று போனேன். நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். நடுவில் நீ எதுவும் நினைத்துக்கொள்ளாமல் கடைசி வரை படி.

கார் அனுப்பியிருந்தார்கள். மழை விட்டுவிட்டுப் பெய்தது. சாமந்தி மாலை, குத்துவிளக்கு, அபினவின் பெரிய படம். அது உங்கள் கல்யாணப் போட்டோ. உன்னை வெட்டி எடுத்துவிட்டு அவனை மட்டும் பெரிதாக்கியிருந்தார்கள். உன் தோள் கொஞ்சம் தெரிந்தது. அப்போதே எனக்குப் பிடிக்கவில்லை. ரிப்பனை வெட்டினேன். பெயர்ப் பலகைக்குத் திரை போட்டிருந்தார்கள். பேச்செல்லாம் முடிந்த பிறகு அதை விலக்குவதாக ஏற்பாடு.

அதற்கு முன்னால் மாதிரி அறையைக் காட்டினார்கள். நாலு படி ஏறி உள்ளே போக வேண்டும். இரண்டு பக்கமும் புத்தக அலமாரி போல பேட்டரிகள். சின்னச் சின்னப் பச்சை விளக்குகள். மேலே அந்த ஃபேன் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஓர் அறையில்தான் அவன் வருஷக்கணக்காக நின்றிருக்கிறான், நான் ஒரு தடவைகூட வந்து பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் தனியாக இருக்கலாமா என்று கேட்டேன். சீதாராமன் எல்லோரையும் டீக்கு அழைத்துக்கொண்டு போனார்.

போர்டைப் பார்த்தேன். நீ எழுதியபடியேதான் இருந்தது. ஃபேன் சுவிட்சுக்கு மேலே சிவப்பில் "நிறுத்தக் கூடாது" என்று ஆங்கிலத்திலும் பெங்காலியிலும் ஒட்டியிருந்தது. இரண்டையும் படித்தேன். உன் கடிதங்களை நினைத்தேன். அபினவ் இந்த இடத்தில் நின்று, இதைப் படித்துவிட்டு, எப்படி நிறுத்தியிருப்பான்? முடியவே முடியாது, மதுவந்தி சொல்வது தப்பு என்று எனக்கு உறுதியாகப் பட்டது. மனசு லேசானது. அவனை நினைத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கடைசிப் படியில் கால் வைத்திருப்பேன். ஒரு பெங்காலி இஞ்சினியர் டீ கோப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். "மாஷிமா! ஃபேன்! ஃபேன்!" என்னைத் தாண்டிப் படியேறிப் போனான். திரும்பிப் பார்த்தேன். அறை இருட்டாக இருந்தது. ஃபேன் சத்தம் இல்லை.

நான் நிறுத்தியிருக்கிறேன். விளக்கையும் ஃபேனையும்.

எனக்கு நினைவில்லை, மதுவந்தி. இதை எழுதும்போதும் நினைவில்லை. விரலில் சுவிட்ச் பட்டதாகவோ, சத்தம் கேட்டதாகவோ எதுவும் இல்லை. அந்த அறையில் நின்ற நேரமெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்ததே அந்த ஃபேனைப் பற்றித்தான். அப்படியும் நிறுத்தியிருக்கிறேன்.

அந்தப் பையன் சிரித்துச் சமாளித்தான். "பரவாயில்லை மாஷிமா, எல்லாருக்கும் வரும், நானே ரெண்டு தடவை" என்று ஆரம்பித்தவன் சீதாராமனைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பிறகு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். இரண்டு வரி நன்றி சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "என் மகனைக் கொன்ற ஃபேனை இப்போது நான் நிறுத்திவிட்டு வந்தேன். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். நிறுத்தாதே என்று எழுதியிருந்ததையும் படித்தேன். என் மகனும் எல்லாம் தெரிந்திருந்தும்தான் நிறுத்தினான். ஆளில்லாத அறையில் எதுவும் ஓடக்கூடாது என்று அவனுக்குப் பழக்கியவள் நான். முகமது இஸ்மாயில் நிறுத்தவில்லை. அந்த சுவிட்ச் அங்கே இருக்கும் வரைக்கும் இன்னொருவர் நிறுத்துவார்."

ஒருவரும் கை தட்டவில்லை. சீதாராமன் என் முழங்கையைப் பிடித்தார். "மாமி, வாங்கோ. உள்ள ஏசி இருக்கு. கொஞ்சம் உட்காருங்கோ. வெயில்."

"மழை பெய்யறது, சீதாராமன்" என்றேன்.

திரையை யாரும் விலக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள்.

அதிகாரியின் பெயரும் முகவரியும் எழுதி அனுப்பு. உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைக்கு இலைக்கு முன்னால் நின்று நீ சொன்ன விதம் இன்றைக்கும் தப்புதான். சொன்ன விஷயம் தப்பில்லை.

அனந்தலக்ஷ்மி


நியூ டவுன்
9 ஆகஸ்ட் 2025

அம்மாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அந்தப் படத்தில் என் தோள் இருக்கிறது என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் படிக்க முடியாமல் நின்றேன்.

இப்போது கெட்ட செய்தி. என்னை ராஜினாமா செய்யச் சொல்லிவிட்டார்கள். செய்துவிட்டேன். அது போகட்டும். நீங்கள் அதிகாரிக்கு எழுதியதற்குக் கம்பெனி பதில் கொடுத்திருக்கிறது. நீங்கள் வயோதிகத்தாலும் புத்திர சோகத்தாலும் மனத் தெளிவு இழந்தவர் என்றும், அன்று விழாவில் அதை எல்லோரும் நேரில் பார்த்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஃபேனை நிறுத்தியதையே அத்தாட்சியாகக் காட்டியிருக்கிறார்கள். அதிகாரி ஒரு டாக்டரோடு வந்து உங்களைப் பார்ப்பாராம். என்ன வருஷம், என்ன கிழமை என்றெல்லாம் கேட்பார்கள். கோபப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

பெஹாலாவில் போர்டைக் கழற்றிவிட்டார்கள். ஃபேனை வேறு லைனில், சுவிட்சே இல்லாமல் கொடுத்திருக்கிறார்களாம். யாரிடமும் ஏன் என்று சொல்லவில்லை. அந்தப் பெங்காலிப் பையன் போன் செய்து சொன்னான். தன் பெயர் வெளியே வரக் கூடாது என்றான்.

நான் வந்து கூட இருக்கட்டுமா?

மதுவந்தி


டாலிகஞ்ச்
18 செப்டம்பர் 2025

மதுவந்திக்கு,

நீ வந்து கூட இருந்திருந்தால் நீதான் சொல்லிக்கொடுத்தாய் என்றிருப்பார்கள். அதனால்தான் அன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வரி எழுதினேன். இனிமேல் எப்போது வேண்டுமானாலும் வா.

டாக்டர் என்னிடம் கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார். அவர் போதும் என்ற பிறகும் நான் நிறுத்தவில்லை. கடைசியில் அதிகாரி கேட்டார்: "மேடம், உங்கள் மகன் மீது இப்படி ஒரு பழி வருவது உங்களுக்குப் புரிகிறதா?" புரிகிறது என்றேன். "பிறகும் சொல்கிறீர்களா?" என்றார். ஃபேனை நிறுத்திய அன்றைவிட இப்போது எனக்கு நன்றாகவே தெளிவு இருக்கிறது என்றேன். எழுதிக்கொண்டார்.

அறிக்கை வந்துவிட்டது. நீயும் பார்த்திருப்பாய். இஸ்மாயில் மீது குற்றமில்லை. "மூத்த பொறியாளரின் தனிப்பட்ட அலட்சியம்" என்று இருக்கிறது. சுவிட்சைப் பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு வாக்கியம், அதுவும் யோசனையாக. கம்பெனி தப்பிவிட்டது. நீ எதிர்பார்த்தது இது இல்லை. நானும்தான். பெங்காலி பேப்பரில் அவன் பெயரைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தார்கள். கூடத்தில் பலகையைக் கழற்றிவிட்டதாகக் கேள்வி. பக்கத்து ஃபிளாட் மித்ராவின் மனைவி லிஃப்டில் என்னைப் பார்த்ததும் தன் செருப்பைப் பார்க்கிறாள்.

நேற்று ஒரு டாக்ஸி பிடித்து மகேஷ்தலா போனேன். தெரு முனையில் இறங்கி, கேட்டுக் கேட்டு அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். பூஜைப் பண்டிகைக்கு ஆர்டர் போலிருக்கிறது, கட்டில் முழுக்கச் சின்னச் சட்டைகள். அந்த அம்மாள் மிஷினை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள். என்னைவிடப் பத்து வயசாவது இளையவள். நான் யார் என்று சொன்னேன். மிஷின் நின்றது.

"பேப்பர்ல வந்துதாமே. எனக்குப் படிக்கத் தெரியாது. பொண்ணு படிச்சா. நீங்க சொல்லுங்க" என்றாள்.

"ஃபேனை நிறுத்தினது என் பிள்ளை" என்றேன்.

"என் பிள்ளை?"

"தொடவே இல்லை. அவன் அப்போது கேட்டில் நின்றான்."

 அழுவாள் என்று நினைத்தேன். என்னைத் திட்டுவாள் என்றும் நினைத்து, அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் எழுந்து முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு, "வாங்க" என்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். கிழிசல் துணியைப் பிடிக்கிற மாதிரி இல்லை, கத்தரிக்கோலைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒரு பெண் வந்தாள். "இவங்க சாஹேபோட அம்மா. சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வீடு. அங்கேயும் சொன்னேன். தையல் கடை, பால் கடை, மசூதிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆண்கள். வரன் பார்த்துக் கொடுத்த தரகர் வீட்டில் இரண்டு தடவை சொல்ல வைத்தாள், ஒரு தடவை அவருக்கு, ஒரு தடவை அவர் மனைவிக்கு. எனக்குப் பெங்காலி நன்றாக வரும், உனக்குத் தெரியும். எந்த இடத்திலும் வார்த்தை தடுக்கவில்லை. "ஃபேனை நிறுத்தியது என் பிள்ளை. இவள் பிள்ளை தொடவில்லை." முதல் நாலைந்து வீடுகளில் அதைச் சொல்லும்போது அவன் முகம் எதிரே வந்தது. பிறகு வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கால் வலித்தது. சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. என் கையை அவள் விடவே இல்லை.

தெருக் கோடியில் ஒரு கிழவர் கட்டிலில் படுத்திருந்தார். இஸ்மாயிலுக்குச் சின்ன வயதில் ஓதக் கற்றுக்கொடுத்தவராம். நான் சொன்னதற்குக் காதில் கை வைத்து, "என்ன?" என்றார்.

"அவருக்குக் காது கேக்காது. கத்திச் சொல்லுங்க" என்றாள்.

கத்தினேன்.

அனந்தலக்ஷ்மி